மைனஸ் 40-இல் வெளிவேலை எப்படி நடக்கிறது?

சைபீரியாவில் லேனா ஆற்றங்கரையில் யாகுட்ஸ்க் என்று ஒரு நகரம். ரஷ்யாவின் சகா குடியரசுக்கு அதுதான் தலைநகர். 3 லட்சத்துக்கும் மேல் மக்கள், பல்கலைக்கழகம், பஸ், காலை நேரத்து டிராஃபிக் எல்லாம் உண்டு. ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை மட்டும் மைனஸ் 38 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். சராசரியே அவ்வளவு என்றால் மோசமான நாள் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 1891 பிப்ரவரியில் அங்கே மைனஸ் 64.4 வரை இறங்கியிருக்கிறது. அதே ஊரில் கோடையில் 30-ஐத் தாண்டி வெயில் அடிக்கும் என்பது தனிக்கதை.

வீட்டுக்குள் இருப்பவருக்குப் பெரிய பிரச்சினை இல்லை, வெந்நீர்க் குழாய்கள் ஓடிச் சுவரெல்லாம் கதகதப்பாகத்தான் இருக்கும். ஆனால் குப்பை அள்ள வேண்டும், வெடித்த குழாயை ஒட்ட வேண்டும், கட்டடம் எழும்ப வேண்டும், மீன் விற்க வேண்டும். இதெல்லாம் வெளியே நின்று செய்கிற வேலைகள். இவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டால் பொதுவாக வருகிற பதில், "பழகிப்போச்சு" என்பது. எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. வெயிலுக்கு உடம்பு நன்றாகவே பழகும், ஓரிரு வாரத்தில் வியர்க்கிற விதமே மாறிவிடும். குளிருக்கு உடம்பு பழகுவது ரொம்பக் கொஞ்சம். காலமெல்லாம் குளிர்ந்த நீரில் கைவைத்து வேலை பார்க்கும் மீனவர்களுக்கு விரல்களில் ரத்தம் சீக்கிரமாகத் திரும்ப ஓடும் என்பது போன்ற சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு, அவ்வளவுதான். மற்றபடி பழகியது உடம்பு இல்லை, புத்தி.

அந்தப் புத்தி என்ன என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார், அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்று எரிகிற அளவு. அவரே மண்வெட்டியோ கோடரியோ எடுத்துக் கடுமையாக உழைத்தால் அது 400 வாட்டுக்கு மேலே போகும். நம் உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டியே இருந்தாக வேண்டும், 35-க்குக் கீழே போனால் ஆபத்து. ஆக உள்ளே எரிகிற அடுப்பும் வெளியே கசிகிற வெப்பமும் சமமாக இருக்க வேண்டும். சட்டை, கோட்டு எதுவும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, கசிவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. சிக்கல் எங்கே வருகிறது என்றால், போட்டிருக்கும் உடுப்பு ஒன்றுதான், உள்ளே எரியும் அடுப்போ ஒரு மணி நேரத்துக்குள் நாலு மடங்கு கூடிக் குறைகிறது.

இதை இரண்டு வேலைகளை வைத்துப் பார்க்கலாம். இரண்டுமே யாகுட்ஸ்கில் நடப்பவை.

முதலாவது மீன் விற்பது. அங்கே குளிர்காலத்தில் திறந்தவெளிச் சந்தை நடக்கிறது. மீன்கள் கல்லாக உறைந்து, விறகுக்கட்டை போல, வாளியிலும் பெட்டியிலும் வால் மேலேயோ தலை மேலேயோ செங்குத்தாக நிற்கும். ஃப்ரிட்ஜ் செலவே கிடையாது, ஊரே ஃப்ரீசர்தானே. அந்த மீனைக் கத்தியால் மெல்லிய சுருளாகச் சீவி உறைந்த பதத்திலேயே சாப்பிடுவார்கள், ஸ்ட்ரோகனினா என்று பெயர். விற்பவர் காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது, கப்பல் பழுது பார்ப்பது. லேனா ஆறு அக்டோபர் வாக்கில் உறைய ஆரம்பித்து மே மாதம்தான் உடையும். அதுவரை ஆற்றுக் கப்பல்கள் பனிக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். அடிப்பாகத்தையும் ப்ரொப்பெல்லரையும் பழுது பார்க்க வேண்டுமென்றால் கப்பலைக் கரையேற்ற வேண்டும், அது பெரிய செலவு. அதனால் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள ஷதாய் கப்பல் பட்டறையில் வேறு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், ரஷ்ய மொழியில் விமரோஸ்கா, அதாவது "உறையவிட்டு எடுப்பது". கப்பலைச் சுற்றிப் பனிக்கட்டியை வெட்டிக் குழி தோண்டுவார்கள், ஆனால் தண்ணீர் வரை போக மாட்டார்கள், அடியில் ஒரு படலத்தை மிச்சம் வைத்து நிறுத்திவிடுவார்கள். மேலே இருந்த கனமான பனி போய்விட்டதால் குளிர் சுலபமாகக் கீழே இறங்கும், அந்தப் படலம் அடிப்புறமாக மேலும் உறைந்து தடிக்கும். கொஞ்ச நாள் விட்டு மறுபடி வெட்டுவார்கள், மறுபடி விடுவார்கள். இப்படியே இறங்கி இறங்கி, உறைந்த ஆற்றுக்குள்ளேயே ஒரு பள்ளம் உண்டாகி, ப்ரொப்பெல்லர் காய்ந்த நிலையில் கண்ணுக்குத் தெரியும். அவசரப்பட்டு ஒரு வெட்டு கூடுதலாகப் போட்டால் ஆற்றுத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்து குழியை நிரப்பிவிடும், அதுவரை பார்த்த வேலை அத்தனையும் போச்சு. உலகத்தில் குளிர் இன்னும் கொஞ்சம் கூடாதா என்று ஏங்குகிற தொழிலாளிகள் இவர்களாகத்தான் இருக்க முடியும், ஏனென்றால் குளிர் கூடக் கூடப் படலம் சீக்கிரம் தடிக்கும்.

இப்போது கேள்வி. இந்த இருவரில் யாருக்குக் குளிர் அதிகம்?

பார்த்தவுடன் எல்லோரும் கப்பல்காரரைத்தான் சொல்வார்கள். ஆனால் நடுங்கப்போவது மீன் விற்பவர். அவர் அடுப்பு 100 வாட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் எரிகிறது. அதனால் அவர் உடுத்துவது மலை போல இருக்கும்: உள்ளே ஒட்டிய கம்பளி உள்ளாடை, அதற்கு மேலே ஒன்றிரண்டு கம்பளிச் சட்டைகள், பஞ்சு அடைத்த கால்சட்டை, முழங்காலுக்குக் கீழே வரும் கோட்டு, மிருகத் தோல் தொப்பி. காலில் கம்பளி நாரை அடித்து அமுக்கிச் செய்த வாலென்கி பூட்ஸ், அல்லது கலைமான் கால்தோலில் தைத்த உன்ட்டி. நிற்கிற இடத்தில் ஒரு பலகையோ தடித்த அட்டையோ போட்டுக்கொண்டால் பாதம் வழியாகத் தரைக்கு ஓடும் வெப்பம் பாதியாகக் குறையாவிட்டாலும் நன்றாகவே குறையும். கோட்டைப் பற்றிப் பேசுகிற அளவுக்குக் காலடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நின்று வேலை பார்ப்பவருக்கு முதலில் போவது கால்விரல்தான்.

பனி வெட்டுபவர் இதே உடுப்பைப் போட்டால் என்ன ஆகும்? அரை மணியில் வியர்த்து ஊற்றும். ரொம்பக் குளிரான ஊரில் வெளிவேலை செய்கிறவனுக்கு முதல் எதிரி இந்த வியர்வைதான். துணிகள் சூடு தருவதற்குக் காரணம் நூலிழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. அந்த இடத்தில் ஈரம் புகுந்தால் கதை முடிந்தது, தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வெட்டிக்கொண்டிருக்கும்வரை தெரியாது. டீ குடிக்கவோ கோடரிக்குப் பிடி மாற்றவோ அஞ்சு நிமிடம் நின்றால், அடுப்பு தணிந்துவிடும், சட்டை நனைந்திருக்கும், முதுகில் பனிக்கட்டி வைத்துத் தைத்த மாதிரி ஆகிவிடும்.

அதனால் அனுபவசாலிகள் வேலையைத் தொடங்கும்போது லேசாகக் குளிர்கிற மாதிரிதான் உடுத்துவார்கள். முதல் பத்து நிமிடம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் உடம்பு பிடித்துக்கொள்ளும். வியர்க்கப் போகிறது என்று தெரிந்த உடனேயே கழுத்தைத் திறப்பது, தொப்பியைத் தூக்குவது, ஒரு அடுக்கைக் கழற்றுவது. நின்றவுடன் திரும்பப் போட்டுக்கொள்வது. ஒரே பெரிய கோட்டைவிட நாலு மெல்லிய அடுக்குகள் நல்லது என்று சொல்வதன் அர்த்தம் இதுதான், கழற்றிக் கழற்றிப் போட வசதி. பருத்தி மட்டும் உடம்பை ஒட்டி வேண்டாம். அது ஈரத்தைக் குடித்துவிட்டு விடவே விடாது. கம்பளியோ செயற்கை இழை தெர்மலோ நல்லது, நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும்.

பூட்ஸ் விஷயத்தில் புதியவர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. குளிர்கிறதே என்று மூன்று ஜோடி சாக்ஸ் மாட்டி, இறுக்கமான பூட்ஸுக்குள் காலைத் திணிப்பார்கள். இறுகினால் அசையாத காற்றுக்கும் இடம் இல்லை, ரத்தத்துக்கும் வழி இல்லை. ஒரு அளவு பெரிய பூட்ஸில் ஒரு தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு, விரல்களை உள்ளே ஆட்ட முடிகிறதா என்று பார்த்துக்கொள்வது மேல்.

கை இன்னும் பெரிய தலைவலி. விரல் பிரித்த கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாகக் கிடக்கிற பை மாதிரியான கையுறை எவ்வளவோ மேல், விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொள்ளும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு நட்டு போல்ட்டு திருக முடியாது. அதனால் உள்ளே மெல்லிய விரல் கையுறை, வெளியே பெரிய பைக் கையுறை, அது கழன்று விழாமல் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வது என்று பலரும் செய்வார்கள். விரல் தோல் 15 டிகிரிக்குக் கீழே போக ஆரம்பித்தாலே கை மந்தமாகிவிடும், அதற்கும் கீழே போனால் தொடுவது எது என்றே தெரியாது. கோடையில் அஞ்சு நிமிடத்தில் முடிகிற வேலை இங்கே அரை மணி எடுப்பதற்குச் சோம்பல் காரணம் இல்லை. வெறுங்கையால் உலோகத்தைத் தொடவே கூடாது என்பது குழந்தைக்கும் தெரியும், தோலில் இருக்கும் ஈரம் நொடியில் உறைந்து ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் தோலோடு வரும். உலோகச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடிகூடக் கன்னத்தைச் சுடும், அதாவது குளிரால் சுடும். பிளாஸ்டிக் சட்டம் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

சரி, காற்றைப் பற்றி. வானிலை அறிக்கையில் "மைனஸ் 30, ஆனால் மைனஸ் 45 போலத் தெரியும்" என்று போடுகிறார்களே, விண்ட் சில் என்பார்கள், அது என்ன? உடம்பைச் சுற்றி ஒரு மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் எப்போதும் இருக்கும், காற்று வீசினால் அதை அடித்துக்கொண்டு போய்விடும், தோல் சீக்கிரமாகக் குளிரும். அந்த வேகத்தை ஒரு டிகிரி எண்ணாக மாற்றிச் சொல்வதுதான் இது. அமெரிக்காவும் கனடாவும் 2001-இல் கொண்டுவந்த சூத்திரப்படி மைனஸ் 40-இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் மைனஸ் 59 மாதிரி இருக்கும். அந்த நிலையில் மூடாத தோல் ரெண்டு நிமிடத்துக்குள் உறைய ஆரம்பிக்கலாம். ஆனால் இது தோலுக்கான கணக்கு. வண்டியோ குழாயோ எவ்வளவு காற்றடித்தாலும் மைனஸ் 40-க்குக் கீழே போகாது, அந்த மைனஸ் 40-க்குச் சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவுதான். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

யாகுட்ஸ்குக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். குளிர்காலத்தில் சைபீரியா மேலே கனத்த குளிர்காற்று அசையாமல் உட்கார்ந்துவிடும், அதனால் பெரும்பாலும் காற்றே வீசாது. அசைவில்லாத மைனஸ் 45 சில சமயம் காற்றடிக்கும் மைனஸ் 30-ஐவிடத் தாங்கக்கூடியதாக இருக்கும். அதற்கு விலையும் உண்டு. வண்டிப் புகை, சிம்னி ஆவி, மூச்சு எல்லாம் மேலே போக வழியில்லாமல் அப்படியே உறைந்து துகளாகித் தொங்கும். ஊரே பால் கரைத்த மாதிரி மூடுபனியில் கிடக்கும், முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கு தெரிந்தால் பெரிய விஷயம். தெருவில் வேலை பார்க்கிறவருக்குக் குளிரைவிட அந்த மூடுபனிக்குள் வருகிற லாரிதான் பயம்.

எத்தனை நேரம் வெளியே நிற்கலாம் என்பதற்கு விதிகள் இருக்கின்றன. ரஷ்யத் தொழிலாளர் சட்டத்தின் 109-ஆவது பிரிவு, குளிரில் திறந்தவெளியில் வேலை செய்பவர்களுக்குச் சூடேற்றிக்கொள்ள இடைவேளை தர வேண்டும், அந்த நேரத்தையும் வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும், அதற்கான சூடான அறையை முதலாளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. கடைசி விஷயம் முக்கியம். வேலையிடத்துப் பக்கத்தில் சக்கரம் வைத்த ஒரு சின்ன அறையோ கொட்டகையோ நின்று, உள்ளே அடுப்பு எரிந்தால்தான் வேலை நடக்கும். வெப்பநிலையும் காற்றும் சேர்ந்து ஒரு அளவைத் தாண்டினால் அன்றைக்கு வெளிவேலை ரத்து, அதைப் பதிவு செய்து எழுதிவைப்பார்கள், அந்த நாளுக்கு ஆக்டிரோவ்கா என்று பேர். பள்ளிகளுக்கும் இது உண்டு, மைனஸ் 45 வந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு லீவு, மைனஸ் 55-இல் எல்லோருக்கும். தூர வடக்கு என்று அரசு வரையறுத்த பகுதிகளில் வேலை செய்பவர்களுக்குச் சம்பளத்தில் கூடுதல் படியும், வழக்கமான விடுப்புக்கு மேலே வருடத்துக்கு 24 நாள் விடுப்பும் சட்டப்படி உண்டு.

கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்தில் உருவான ஒரு அட்டவணை உலகம் முழுக்கப் பயன்படுகிறது, அதையும் பார்த்தால் ஒரு அளவு பிடிபடும். நாலு மணி நேர வேலையில், காற்று இல்லாத மைனஸ் 32 முதல் 34 வரைக்கும் ஒரே மூச்சில் 75 நிமிடம் வேலை செய்யலாம். மைனஸ் 35 வந்தால் 55 நிமிடம், மைனஸ் 38-இல் 40 நிமிடம், மைனஸ் 40-இல் 30 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் நடுவே சூடான இடத்தில் 10 நிமிடம். மைனஸ் 43-ஓ அதற்குக் கீழேயோ போனால் அவசர வேலை தவிர மற்றதை நிறுத்து என்கிறது. இதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் ஜனவரியில் யாகுட்ஸ்க் பாதி நாள் கதவைச் சாத்திவிட வேண்டியதுதான். அவர்கள் தங்கள் ஊருக்கு ஏற்ற வரம்புகளை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் குளிர் கூடக் கூட வேலை நேரம் எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பதைப் பாருங்கள், நாலைந்து டிகிரிக்கு இருபது நிமிடம் போய்விடுகிறது.

உடம்பு கெடுகிற அறிகுறிகளில் ரெண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று பனிக்கடி. முதலில் சுருக் சுருக்கென்று வலிக்கும், அப்புறம் வலி நின்றுவிடும். நின்றதும் "அப்பாடா" என்று இருக்கும், அங்கேதான் பயப்பட வேண்டும், அந்த இடம் மரத்துப்போய் உறையத் தொடங்கியிருக்கும். கன்னத்திலோ மூக்கிலோ வெள்ளைப் புள்ளி தெரியும், ஆனால் தன் மூக்கைத் தானே பார்க்க முடியாதே, அதனால் கூட வேலை செய்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். பனியை எடுத்துத் தேய்ப்பது பழைய முட்டாள்தனம், தோல் கிழியும். சூடான இடத்துக்குப் போய், 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைத்துச் சூடாக்கலாம், மறுபடி உறைய வாய்ப்பில்லை என்றால் மட்டும். உருகி மறுபடி உறைந்தால் சேதம் இன்னும் மோசமாகும். அப்புறம் டாக்டர்.

இன்னொன்று உடம்பின் உள்வெப்பமே இறங்குவது. நன்றாக நடுங்குகிறவரைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும், ஆனால் நடுங்குகிறவர் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். நடுக்கம் நின்று, பேச்சு குழறி, கையிலிருப்பதைக் கீழே போட்டு, "எனக்கு ஒன்னும் இல்லை, விடு" என்று எரிந்து விழுந்தால்தான் நிலைமை கைமீறுகிறது. அந்த ஆளிடம் கருத்துக் கேட்கக் கூடாது, இழுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். வோட்கா ஒரு மடக்கு அடித்தால் சூடேறும் என்பதும் ஏமாற்றுதான்: தோலுக்கு ரத்தம் பாய்வதால் கதகதப்பாகத் தெரியும், உள்ளே சேர்த்து வைத்த வெப்பம்தான் அப்படி வெளியே ஓடுகிறது. உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகப் போகிறது என்பார்களே, அதுவும் தப்பு, தலை உடம்பின் மேற்பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். தொப்பி வேண்டும், காதுக்காக. இதையெல்லாம்விட யாரும் கவனிக்காத விஷயம் தண்ணீர். காற்று காய்ந்திருக்கும், ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் போகும், குளிரில் சிறுநீரும் கூடும், தாகம் மட்டும் எடுக்காது. சூடாக ஏதாவது குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மனிதனுக்குக் கோட்டாவது போடலாம், இயந்திரங்கள் பாடு திண்டாட்டம். சாதாரண டீசல் மெழுகு மாதிரிக் கட்டிவிடும், குளிருக்கென்றே தயாரித்த டீசல்தான் ஓடும். எஞ்சினை அணைத்தால் மறுபடி பற்றாது என்று நாளெல்லாம் ஓடவிடுவார்கள், இல்லாவிட்டால் கம்பளிப் போர்வை போர்த்திச் சூடான கொட்டகையில் விடுவார்கள். சாதாரண இரும்பு இந்தக் குளிரில் வளையாது, கண்ணாடி போல உடையும், கிரேன் கொக்கி விஷயத்தில் இது விளையாட்டு இல்லை. பேட்டரியும் ஃபோனும் சட்டைக்குள் இருந்தால்தான் உயிரோடு இருக்கும். கட்டட வேலையில் இன்னொரு கூத்து: கான்கிரீட்டிலுள்ள தண்ணீர் இறுகுவதற்குள் உறைந்துவிட்டால் அது வெறும் மண், அதனால் உள்ளே மின்கம்பி வைத்துச் சூடேற்றுவார்கள். அதே சமயம் கட்டடத்தின் சூடு கீழே நிலத்தை உருக்கிவிடக் கூடாது, ஏனென்றால் ஊரே நிரந்தரமாக உறைந்த மண்ணின் மேல் நிற்கிறது. அதனால்தான் கட்டடங்கள் தூண்களின் மேல் நின்று, அடியில் குளிர்காற்று ஓட இடம் விடுகின்றன. மேலே சூடு வேண்டும், கீழே குளிர் வேண்டும், நடுவில் நின்று வேலை பார்ப்பவர் இரண்டையும் காப்பாற்ற வேண்டும்.

வேலை முடிந்து உள்ளே வந்ததும் நாள் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஃபோனைப் பையிலிருந்து உடனே எடுக்கக் கூடாது, அறையின் ஈரம் அதன்மேல் வியர்த்துவிடும். அப்புறம் பூட்ஸ். பகல் முழுக்கக் கால் விட்ட ஈரம் உள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, கை வைத்தால் தெரியும். உள்தட்டையை உருவி, பூட்ஸின் வாயை நன்றாக விரித்து, வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத்தான் டீக்கு உட்கார வேண்டும். மறந்துபோனால் நாளைக் காலை எட்டு மணிக்குக் கால்விரல் ஞாபகப்படுத்தும்.